இடப்பக்கத்துப் பத்து விசைகள்

அக்காவுக்குக் காயம் பட்டது எண்பத்தாறில். யாழ்ப்பாணத்தில் வேலை முடிந்து, தீவில் இருந்த எங்கள் ஊரான நாரந்தனைக்குத் திரும்பி வந்துகொண்டிருந்த மினிபஸ்ஸுக்கு மேலே ஹெலிகொப்டர் வந்து சுட்டது. உள்ளே இருந்தவர்கள் குதித்து இறங்கிப் பனை வடலிக்குள் ஓடினார்கள். அக்காவும் ஓடினாள். வலது முழங்கைக்குக் கீழே பட்டது. பெரியாஸ்பத்திரியில் கையைக் காப்பாற்றிக் கொடுத்தார்கள். நரம்பைக் காப்பாற்ற முடியவில்லை. அவள் வீட்டுக்கு வந்தபோது கை கையாகத்தான் இருந்தது. விரல்கள் மட்டும் சொன்னது கேட்கவில்லை.

அவள் நகரத்து அலுவலகமொன்றில் தட்டச்சாளராக இருந்தவள். ஆங்கிலம், தமிழ் இரண்டும் அடிப்பாள். எண்பத்துமூன்றுக் கலவரத்தில் கொழும்பில் அப்பாவின் கடை எரிந்து, அந்த ஏக்கத்திலேயே அவர் போய்ச் சேர்ந்த பிறகு, எங்கள் வீட்டின் சோறு அவளுடைய பத்து விரல்களில்தான் இருந்தது. காயம் ஆறிய பிறகு அலுவலகத்துக்கு ஒருமுறை போனாள். மத்தியானமே திரும்பி வந்தாள். என்ன நடந்தது என்று அம்மா கேட்டதற்கு, "இனிப் போகத் தேவையில்லை" என்று மட்டும் சொன்னாள்.

அதற்குப் பிறகு அவளோடு ஒரு வீட்டில் இருப்பது லேசான காரியமாக இருக்கவில்லை. உதவி செய்யப் போனால் ஏசுவாள். செய்யாமல் இருந்தால் பார்வையால் ஏசுவாள். தேங்காய் திருவ, சேலைக் கொசுவம் பிடிக்க, போத்தல் மூடி திறக்க என்று எல்லாவற்றுக்கும் அவள் ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருந்தாள். முழங்காலுக்கு இடையில் போத்தலை இறுக்கிக்கொண்டு இடக்கையால் திருகுவாள். அதைப் பார்க்க முடியாமல் அம்மா குசினிக்குள் போய்விடுவாள். ஒருநாள் வந்த உறவுக்காரப் பெண்ணிடம் அம்மா, "இனி ஆர் இவளைக் கேட்டு வரப்போகினம்" என்று மெதுவாகச் சொன்னது அறைக்குள் இருந்த அக்காவுக்குக் கேட்டுவிட்டது. "நான் ஆரையும் கேக்கச் சொன்னனானோ?" என்றாள் உள்ளே இருந்தபடியே. சத்தம் போடவில்லை. அந்த உறவுக்காரப் பெண் தேத்தண்ணியைப் பாதியில் வைத்துவிட்டு எழும்பிவிட்டாள்.

வீட்டில் சம்பளம் எடுப்பவள் இப்போது நான். ஊர்காவற்றுறைப் பக்கத்தில் ஒரு சிறிய நூலகத்தில் உதவியாளர் வேலை. இரண்டு அறை, சில அலுமாரிகள், பத்திரிகை வாசிக்க ஒரு நீண்ட மேசை. ஊர்ப் பெரியவர்கள் சிலர் நிருவாகசபையாக இருந்து நடத்தினார்கள். அவர்களில் தலைவராக இருந்தவர்தான் எல்லாவற்றையும் முடிவு செய்வார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சேட்டு, கையில் எப்போதும் ஒரு குடை. நல்ல மனிதர்தான், தன் சொல் நிற்க வேண்டும் என்பதில் மட்டும் கொஞ்சம் பிடிவாதம்.

எண்பத்தொன்பதில், இந்திய ராணுவம் ஒவ்வொரு சந்தியிலும் நின்ற காலத்தில், லண்டனில் இருந்த ஊர்க்காரர்கள் சிலர் சேர்ந்து நூலகத்துக்கு ஒரு கொம்பியூட்டர் அனுப்பினார்கள். கொழும்பில் இருந்து லொறியில் வந்தது. வழியில் இருந்த காவலரண்கள் எல்லாவற்றிலும் பெட்டியைத் திறந்து காட்ட வேண்டியிருந்ததாம். கடைசிக் காவலரணில் நின்ற சிப்பாய் இதில் படம் ஓடுமா என்று கேட்டானாம். ஓடாது என்று தெரிந்ததும் விட்டுவிட்டானாம். அதோடு நூலக வேலைக்கான மென்பொருள் ஒன்று சில ஃபுளொப்பிகளில் வந்தது. தடித்த ஆங்கில விளக்கப் புத்தகமும் வந்தது.

தலைவர் என்னை நகரத்தில் ஒரு குறுகிய வகுப்புக்கு அனுப்பினார். அங்கே மெசினைத் திறக்கவும் மூடவும் படித்தேன். மிச்சத்தை வீட்டுக்கு வந்து மறந்துபோனேன். ஒரு புத்தகத்தை இரவல் கொடுப்பதற்கு மெசின் கேட்ட வேலை கொஞ்சமல்ல. கன்ட்ரோல் விசையை அமர்த்திப் பிடித்துக்கொண்டு ஒரு எழுத்து. பிறகு அங்கத்தவர் இலக்கம். பிறகு வேறொரு விசையை அமர்த்திக்கொண்டு இன்னொரு எழுத்து. புத்தக இலக்கம். நிச்சயமா என்று கேட்கும், ஓம் என்று சொல்ல வேண்டும். முதற் பக்கத்துக்குத் திரும்பி வர இன்னும் இரண்டு விசை. இடையில் ஒன்று பிசகினால் எங்கேயோ கொண்டுபோய் விட்டுவிடும். நான் பழைய அட்டைகளிலேயே இரவல் கொடுத்துக்கொண்டு, தலைவர் வரும் நேரம் பார்த்துத் திரையைத் திறந்து வைத்திருந்தேன்.

வேறு வழியில்லாமல்தான் விளக்கப் புத்தகத்தை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். அக்காவிடம் கேட்கவில்லை. மேசையில் வைத்துவிட்டுக் குளிக்கப் போனேன். திரும்பி வந்தபோது அவள் கதிரையில் இருந்து அதை வாசித்துக்கொண்டிருந்தாள். பக்கம் மூடாமல் இருக்க, உணர்ச்சியற்ற வலக்கையைத் தூக்கி அதன்மேல் பாரமாக வைத்திருந்தாள். அந்தக் கையை அவள் ஒரு வேலைக்குப் பயன்படுத்தியதை நான் அன்றுதான் கண்டேன்.

"விளங்குதோ?" என்று கேட்டேன்.

"புத்தகம் விளங்குது. மெசினைப் பாக்காமல் ஒண்டும் சொல்லேலாது."

அடுத்த நாள் என்னோடு வந்தாள். காயம் பட்ட பிறகு அவள் கோயிலுக்குக்கூடப் போனதில்லை. பின்னேரம், வாசகர்கள் குறைந்த நேரமாகப் பார்த்து வந்து, சேலைத் தலைப்பால் வலக்கையை மூடிக்கொண்டு இயந்திரத்துக்கு முன்னால் இருந்தாள். இடக்கை விரல்கள் விசைகளுக்கு மேலே கொஞ்ச நேரம் சும்மா நின்றன. பிறகு அடிக்கத் தொடங்கின. ஒரு கைதான் என்றாலும் அது தட்டச்சாளரின் கை. எழுத்தைத் தேடவில்லை.

இரண்டு விசையைச் சேர்த்து அமர்த்த வேண்டிய இடத்தில்தான் நின்றுபோனாள். கன்ட்ரோல் விசை இடப்பக்க ஓரத்தில், எழுத்து வலப்பக்க ஓரத்தில். ஒரு கை அவ்வளவு தூரம் விரியாது.

"உதைப் பிடி" என்றாள் என்னிடம்.

நான் குனிந்து கன்ட்ரோல் விசையை அமர்த்திப் பிடித்தேன். அவள் எழுத்தை அடித்தாள்.

"விடு."

நான் விடுவதற்குள் அவள் அடுத்த எழுத்தை அடித்துவிட்டாள். திரை வேறெங்கோ போனது.

"விடெண்டால் விடு. என்ன யோசிச்சுக்கொண்டு நிக்கிறாய்?"

அப்படித்தான் அந்த மாதம் போனது. பிடி, விடு, பிடி, விடு. நான் அவளுக்குப் பக்கத்தில் நின்று அவளுடைய வலக்கையாக வேலை செய்தேன். சம்பளம் எடுப்பவள் நான், வேலை தெரிந்தவள் அவள். புத்தகம் எடுக்க வந்தவர்கள் எங்கள் இருவரையும் மாறிமாறிப் பார்ப்பார்கள். என் முதுகு நோகும். அவளுக்குக் கோபம் வரும்.

விளக்கப் புத்தகத்தின் பின்பகுதியில் ஒரு அத்தியாயம் இருந்தது. அந்தக் காலத்துக் கீபோட்டில், இடப்பக்க ஓரத்தில் எழுத்துகளுக்கு அப்பால், இரண்டு நிரையாகப் பத்து விசைகள் இருக்கும். எஃப் என்ற எழுத்தும் ஒன்றிலிருந்து பத்து வரை இலக்கமும் போட்டிருக்கும். நான் அவற்றை அலங்காரம் என்றே நினைத்திருந்தேன். ஒரு வேலைக்கு வரிசையாக அடிக்க வேண்டிய விசைகளை எல்லாம் சேர்த்து அந்தப் பத்தில் ஒன்றுக்குள் கட்டி வைக்கலாம் என்று அந்த அத்தியாயம் சொன்னது. பிறகு அந்த ஒன்றை அமர்த்தினால் போதும், மிச்சத்தை மெசின் தானே அடித்துக்கொள்ளும். புத்தகத்தில் அதற்கு மக்ரோ என்று பெயர். அக்கா அதைக் கட்டு என்பாள்.

"பத்தும் இடக்கைப் பக்கம் கிடக்குது" என்றாள், அந்தப் பக்கத்தை எனக்குக் காட்டி.

முதற்கட்டு பிழையாகிப் போனது. இரவல் கொடுக்கும் வேலையை முதலாவது விசைக்குள் கட்டியபோது, கடைசியில் அந்த விசையையே திரும்ப அமர்த்துவதாகவும் எழுதிவிட்டாள் போலிருக்கிறது. மெசின் தன்னைத் தானே கூப்பிட்டுக் கூப்பிட்டு ஓட, திரை பறந்தது. கீச்சுச் சத்தம் நிற்கவில்லை. பத்திரிகை வாசித்துக்கொண்டிருந்தவர்கள் எழும்பி வந்துவிட்டார்கள். நான் ஓடிப்போய்ச் சுவரில் இருந்த சுவிட்சை அணைத்தேன்.

"ஆர் உன்னை நிப்பாட்டச் சொன்னது?"

"வெடிக்கப்போகுது எண்டு நினைச்சனான்."

"என்ன பிழையெண்டு பாத்துக்கொண்டிருந்தனான். இப்ப திரும்ப முதலிலை இருந்து வரவேணும்."

வந்தாள். ஒவ்வொன்றாகக் கட்டினாள். இரவல் கொடுக்க ஒன்று. திருப்பி வாங்க ஒன்று. புதுப் புத்தகம் பதிய ஒன்று. தமிழ் எழுத்து அந்த மெசினில் வராது. நூற்பெயர்களை ஆங்கில எழுத்தில்தான் அடிக்க வேண்டும். யாழ்ப்பாணம் என்பதற்கு எப்படி எழுத்துக் கூட்டுவது என்று எனக்கும் அவளுக்கும் பெரிய வாக்குவாதம் வந்தது. எல் போட்டால் போதும் என்பது என் பக்கம். இசட்டும் எச்சும் போட வேண்டும், ழகரம் ழகரமாக இருக்க வேண்டும் என்பது அவள் பக்கம். கடைசியில், அவள் சொன்னபடி எழுதிய யாழ்ப்பாணத்தை ஏழாவது விசைக்குள் வைத்துவிட்டாள். அமர்த்தினால் பதிப்பித்த இடம் என்ற கட்டத்தில் அது தானாக விழும். வாக்குவாதம் அத்தோடு முடிந்தது. எட்டாவது விசை தமிழ் இலக்கியத்துக்கான வகுப்பு எண்ணைப் போட்டு மூன்று கட்டம் தாண்டி நிற்கும். தன் கைக்கு எது கிட்ட, எது எட்ட என்று பார்த்து, அடிக்கடி வேண்டியவற்றைச் சுண்டுவிரலுக்குப் பக்கத்தில் வைத்தாள். சில கட்டுகளைப் பிரித்துத் திரும்பக் கட்டினாள்.

எல்லாம் முடிந்த நாள் அவள் ஒரு புத்தகத்தைப் பதிந்து காட்டினாள். இடக்கை மட்டும்தான் அசைந்தது. நான் பக்கத்தில் குனிந்தபடி நின்றிருந்தேன், பழக்கத்தில்.

"இனி நீ பிடிக்கத் தேவையில்லை" என்றாள் திரையைப் பார்த்துக்கொண்டே. "போய் இருந்து உன்ர வேலையைப் பார்."

நான் போய் இருந்தேன். ஆறுதலாகவும் இருந்தது, என்னவோபோலவும் இருந்தது.

அதற்குப் பிறகு அலுமாரிகள் ஒவ்வொன்றாக மெசினுக்குள் ஏறின. அவள் காலையிலேயே வரத் தொடங்கினாள். சம்பளம் இல்லை, பதவி இல்லை. தலைவர் கண்டும் காணாததுபோல இருந்தார். வேலை நடக்கிறதே. ஆனால் இன்னொன்றும் நடந்தது. அந்தக் கீபோட் அவளுடையதாகிவிட்டது. எந்த விசை என்ன செய்யும் என்பது அவளுக்குத்தான் மனப்பாடம். அவள் வராத நாட்களில் நான் ஒரு விசையை அமர்த்தினால், நான் நினைத்தது ஒன்றாகவும் நடப்பது ஒன்றாகவும் இருக்கும். எனக்கும் ஒரு தாளில் எழுதித் தரச் சொன்னேன். "பாத்துப் பழகு. எழுதினால் பழகமாட்டாய்" என்றாள். அது சரிதான் என்றாலும் எனக்குப் பிடிக்கவில்லை.

தொண்ணூறு தொடக்கத்தில், கொம்பியூட்டர் அனுப்பியவர்களில் ஒருவர் லண்டனில் இருந்து ஊருக்கு வந்தார். இந்திய ராணுவம் நாட்டை விட்டு வெளிக்கிட்டுக்கொண்டிருந்த நேரம். பாதை கொஞ்சம் திறந்திருந்தது. அவரை நூலகத்துக்குக் கூட்டிவரத் தலைவர் ஏற்பாடு செய்தார். வாழை கட்டவில்லை, அவ்வளவுதான். எனக்கு முதல்நாளே சொன்னார்.

"பிள்ளை, நீர்தான் செய்து காட்டவேணும். உம்மைத்தானே வகுப்புக்கு அனுப்பினனாங்கள்."

"ஐயா, எனக்கு அவ்வளவு ஏலாது. அக்காதான் எல்லாம் ஒழுங்குபடுத்தி வைச்சிருக்கிறா."

அவர் குடையைச் சுவரில் சாத்தி வைத்தார். "சரி. அவவை வரச்சொல்லும். ஆனால் நீரும் பக்கத்திலை நில்லும்."

லண்டன்காரர் வந்தார். பருத்த, சிரித்த முகம். எல்லோருக்கும் கைகொடுத்தார். அக்காவிடமும் கையை நீட்டினார். அவள் கும்பிட முடியாதவளாக இடக்கையை நெஞ்சில் வைத்துத் தலையைக் குனிந்தாள். அவருக்கு விளங்கிவிட்டது. முகம் மாறியது. உண்மையிலேயே கலங்கினார் என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.

அக்கா செய்து காட்டினாள். ஒரு புத்தகத்தைப் பதிந்தாள், இரவல் கொடுத்தாள், திருப்பி வாங்கினாள், ஒரு எழுத்தாளரின் புத்தகங்கள் எத்தனை இருக்கின்றன என்று தேடிக் காட்டினாள். ஒவ்வொன்றுக்கும் ஒரு விசை, அல்லது இரண்டு. லண்டன்காரர் வாய் திறந்தபடி நின்றார். "அங்கை எங்கட ஒப்பிஸிலைகூட இப்பிடிச் செய்யத் தெரியாது" என்றார். தலைவரின் முகம் விரிந்தது. எனக்கும் பெருமையாக இருந்தது. அக்காவின் கழுத்தில் இருந்த இறுக்கம் கொஞ்சம் தளர்ந்ததைக்கூடக் கண்டேன்.

அப்போதுதான் அவர் தோளில் தொங்கிய கமெராவை எடுத்தார்.

"பிள்ளை, அந்தக் கையையும் மேசையிலை வையும். ரெண்டு கையும் தெரியட்டும். எங்கட ஆக்கள் அங்கை பாக்கவேணும். பாத்தால் இன்னும் எவ்வளவோ செய்வினம்."

அக்கா திரும்பி அவரைப் பார்த்தாள். சேலைத் தலைப்பு கையின்மேல் இருந்தபடியே இருந்தது.

"கொம்பியூட்டரை எடுங்கோ, அண்ணை. அதைத்தானே நீங்கள் தந்தனீங்கள்."

கதிரையைப் பின்னுக்குத் தள்ளி எழும்பினாள். பின்னறைக்குப் போய், அங்கிருந்த கதவால் வெளியே இறங்கி, வீட்டுப் பக்கமாக நடந்தாள். லண்டன்காரர் கமெராவைக் கையில் வைத்தபடி, "நான் பிழையா ஒண்டும் சொல்லேல்லையே" என்றார் என்னிடம். அவர் தந்த மெசின் அங்கே மினுங்கிக்கொண்டிருந்தது. அதை அவர் படம் எடுக்கவில்லை.

அவர் போன பிறகு தலைவர் என்னைக் கூப்பிட்டார்.

"எங்கட மானம் போச்சு."

"அவர் கேட்டது அவவுக்கு நொந்துபோச்சு, ஐயா."

"நோகும். எனக்குத் தெரியாதோ? ஆனால் தந்த மனிசனுக்கு அப்பிடிச் சொல்லுறதோ? இது பொது இடம், பிள்ளை. அவ இஞ்சை ஆர்? எந்தப் பதவி? இனி அவ மெசினைத் தொடவேண்டாம். நீர் செய்யும். அவ மாத்தி வைச்சிருக்கிற விசை எல்லாத்தையும் முதல் இருந்தமாதிரி ஆக்கும். நாளைக்கு இன்னொராள் வந்தாலும் வேலை செய்யக்கூடியதா இருக்கவேணும்."

கடைசியில் அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அதுதான் எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. அதோடு, விசைகளைப் பழையபடி ஆக்குவது எப்படி என்று எனக்குத் தெரியாது. அதையும் அக்காவிடம்தான் கேட்க வேண்டும்.

அன்றைக்குச் சொல்லவில்லை. அடுத்த நாளும் சொல்லவில்லை. வீட்டில் அவள் ஒன்றும் நடக்காததுபோலக் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். அம்மாதான் கோயிலில் யாரோ சொல்லக் கேட்டு வந்து, படலையைத் திறக்கும்போதே அழத் தொடங்கினாள். "உனக்கு ஏன் பிள்ளை இந்த வாய்? ஒரு படம்தானே." அக்கா கீரையை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"தலைவர் என்னவாம் சொன்னவர்?"

சொன்னேன். எந்தப் பதவி என்று கேட்டதையும் சொன்னேன், தொடவேண்டாம் என்றதையும் சொன்னேன், பழையபடி ஆக்கச் சொன்னதையும் சொன்னேன்.

"உனக்கு அது செய்யத் தெரியாது" என்றாள்.

"தெரியாது."

"நாளைக்கு வாறன்."

"அவர் தொடவேண்டாமெண்டவர்."

"கட்டினது நான். அவிழ்க்கிறதும் நான்தான் செய்யவேணும். நீ கை வைச்சால் எல்லாத்தையும் குழப்பிப்போடுவாய்."

வந்தாள். நான் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தேன், தலைவர் வந்துவிடுவாரோ என்று. அவள் அவசரப்படவில்லை. ஒவ்வொரு விசையாகத் திறந்து, உள்ளே இருந்ததை அழித்து, பழையது வேலை செய்கிறதா என்று அமர்த்திப் பார்த்து, அடுத்ததற்குப் போனாள். அலுவலகத்தில் ஒரு வேலையை விட்டுப் போகிறவர் மேசையைத் துடைத்துவிட்டுப் போவதுபோல இருந்தது. ஏழாவது விசையை அழிக்கும்போது மட்டும், "இனி நீ எல் போட்டே எழுது" என்றாள். நான் சிரிக்கவில்லை. அவளும் பகிடியாகச் சொன்னமாதிரித் தெரியவில்லை.

பத்தாவது விசைக்கு வந்ததும் என்னைப் பார்க்காமல் கேட்டாள். "உனக்கு ஏதும் வேணுமோ? சொன்னால் வைச்சுவிடுறன்."

வேண்டாம் என்று சொல்லத்தான் வாய் வந்தது. ஆனால் எது எனக்கு எப்போதும் பிழையாகிப் போகும் என்று எனக்குத் தெரியும்.

"திருப்பி வாற புத்தகத்துக்கு ஒண்டு வைச்சுவிடு, அக்கா."

வைத்தாள். என்னை அமர்த்திப் பார்க்கச் சொன்னாள். வேலை செய்தது. எழும்பிப் போய்விட்டாள்.

அதற்குப் பிறகு வந்த வாரங்கள் நல்லதாக இருக்கவில்லை. நூலகத்தில் பதிவு வேலை நின்றுபோனது. இரண்டு அலுமாரி மிச்சம் கிடந்தது. நான் ஒரு நாளைக்கு நாலைந்து புத்தகம் பதிந்தால் அதிசயம். பதிந்ததிலும் பாதி பிழை. வீட்டில் அக்கா பழையபடி அறைக்குள் இருந்தாள். அவளுக்குச் சோறு போட்டுக் கொடுக்கும்போது அம்மா முகத்தைப் பார்ப்பதில்லை. நான் வேலைக்குப் போகச் சேலை உடுக்கும்போது அக்கா மறுபக்கம் திரும்பிப் படுத்திருப்பாள். வேலையை விட்டுவிடலாமோ என்றுகூட எனக்குத் தோன்றியது. விட்டால் மூன்று பேரும் என்ன சாப்பிடுவது என்று அடுத்த நிமிடமே தோன்றும்.

லண்டனில் இருந்து தலைவருக்குக் கடிதம் வந்தது. நூலகத்தில் என்னென்ன புத்தகங்கள் உண்டு என்று முழு விபரமும் மெசினில் எடுத்து அனுப்பினால், இல்லாதவற்றை வாங்கி அனுப்பலாம் என்று அந்த மனிதரே எழுதியிருந்தார். அக்காவைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. கோபமும் இல்லை. தலைவர் கடிதத்தை எனக்கு வாசித்துக் காட்டினார். பிறகு மெசினைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் நிலத்தைப் பார்த்தேன்.

அன்று பின்னேரம் அவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். அம்மா பதறிக் கதிரையைத் துடைத்துப் போட்டாள். தேத்தண்ணி வேண்டாம் என்றார். அக்கா வந்து கதவு நிலையில் சாய்ந்துகொண்டு நின்றாள்.

"பிள்ளை, நடந்தது நடந்துபோச்சு. அந்த வேலையை முடிச்சுத் தந்தீரெண்டால் நல்லது."

"எந்தப் பதவியிலை, ஐயா?"

அவருக்கு அது தான் சொன்ன சொல் என்பது உடனே விளங்கியது. குடையின் பிடியைத் தடவினார்.

"உதவிக்கெண்டு நினைச்சுச் செய்யுமன்."

"உதவிக்கு வந்தால் ஆர் நீ எண்டு கேப்பினம். நியமனக் கடிதம் தாங்கோ, வாறன். விசையெல்லாத்தையும் என்ர கைக்கு ஏத்தமாதிரித்தான் வைப்பன். மற்ற ஆக்களுக்கு விளங்கிறதுக்கு ஒரு அட்டையிலை எழுதி மெசினுக்குப் பக்கத்திலை ஒட்டிவிடுறன். நீங்கள் அதிலை சொன்னது சரி. நான்தான் முதலே செய்திருக்கவேணும்."

தலைவர் குடையை எடுத்துக்கொண்டு, "சபையிலை கதைச்சுப் பாக்கிறன்" என்று எழும்பினார். சபையில் என்ன கதைத்தாரோ, கடிதம் வந்தது. நூற்பதிவாளர் என்று போட்டிருந்தது. அக்கா அதை வாசித்துவிட்டு மடித்து அலுமாரிக்குள் வைத்தாள். அடுத்த நாள் எனக்கு முன்னமே வெளிக்கிட்டு நின்றாள்.

அந்த இளவேனில் எங்களுக்கு நன்றாக இருந்தது என்று சொல்லலாம். இரண்டு பேரும் சேர்ந்து நடந்து போவோம், சேர்ந்து வருவோம். வழியில் அதிகம் கதைக்கமாட்டோம். அட்டையில் எழுதி ஒட்டியதால் எனக்கும் விசைகள் பழகிவிட்டன. மிச்ச அலுமாரிகளும் உள்ளே ஏறின. லண்டனுக்கு அனுப்ப வேண்டிய விபரத்தை அவள் அச்சடித்துக்கொண்டிருந்தபோதுதான், ஆனி மாதத்தில், திரும்பச் சண்டை தொடங்கியது. அச்சு பாதியில் நிற்க, கரண்ட் போனது. பின்னேரம் வரும் என்று காத்திருந்தோம். வரவில்லை. அதன்பிறகு எங்கள் பகுதிக்குக் கரண்ட் வந்ததை நான் காணவில்லை.

ஆவணியில் இலங்கை ராணுவம் எங்கள் தீவில் இறங்கியது. ஷெல் வந்து விழ விழ, உடுத்த உடுப்போடு நடந்து, அராலிக்கு வள்ளத்தில் கடந்தோம். வள்ளத்தில் அம்மா நடுவில், நாங்கள் இரண்டு பக்கமும். நூலகத்தைப் பூட்டிய திறப்பு என்னிடம் இருந்தது. கொக்குவிலில் ஒரு உறவினர் வீட்டின் பின்பக்க அறையில் இருந்துகொண்டு அதைப் பல நாட்கள் சும்மா பார்த்திருக்கிறேன். நூலகம் எரிந்துபோனது என்று ஒருவர் சொன்னார். இல்லை, கூரை மட்டும்தான் என்று இன்னொருவர் சொன்னார். மெசினைப் பற்றி ஒருவருக்கும் தெரியவில்லை. தலைவர் தீவிலேயே நின்றுவிட்டார் என்று கேள்விப்பட்டோம். வயது போன ஆட்கள் பலர் அப்படி நின்றார்கள்.

அடுத்த வருடம், நகரத்தில் ஒரு நிவாரண நிறுவனத்துக்குக் கொம்பியூட்டர் தெரிந்தவர்கள் தேவை என்று அக்கா எங்கேயோ அறிந்து வந்தாள். நியமனக் கடிதத்தை அவள் உடுப்புக்குள் வைத்துக் கொண்டுவந்திருந்தது எனக்கு அன்றுதான் தெரியும். என்னையும் துணைக்குக் கூட்டிக்கொண்டு போனாள். வாசலில், "நீ இதிலை நில்" என்றுவிட்டு உள்ளே போனாள். உள்ளே ஜெனரேற்றர் ஓடுகிற சத்தம் கேட்டது. நான் வேலியோரம் நின்றேன். நெடுநேரம் கழித்து வந்தாள்.

"தந்திட்டினமோ?"

"திங்கக்கிழமை வரட்டாம்." சைக்கிளை நான் உருட்ட, பக்கத்தில் நடந்து வந்தாள். கொஞ்ச தூரம் போன பிறகு, "அது புது மெசின். எஃப் விசையெல்லாம் மேலை ஒரே வரிசையிலை கிடக்குது. இடப்பக்கம் ஒண்டுமில்லை" என்றாள்.

"அப்ப என்ன செய்யப்போறாய்?"

"என்ன செய்யிறது. கையைக் கொஞ்சம் நீட்டவேணும்."

அங்கே அவள் நாலைந்து வருடம் வேலை செய்தாள். என்ன கட்டினாள், எப்படிக் கட்டினாள் என்று எனக்குத் தெரியாது. நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. நான் அகதிப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கும் ஒரு கொட்டிலுக்குப் போய்வந்தேன். வீட்டில் இரண்டு பேரும் களைத்து வந்து, அம்மா வைத்த கஞ்சியைக் குடித்துவிட்டுப் படுப்போம். அவளுக்கு வலக்கை மழை நாட்களில் நோகும். உணர்ச்சியில்லாத கை எப்படி நோகும் என்று கேட்டதற்கு, "எனக்கும் அதுதான் விளங்கேல்லை" என்றாள்.

தொண்ணூற்றைந்தில் ராணுவம் நெருங்கி வர, முழு ஊரும் வலிகாமத்தை விட்டு வெளிக்கிட்டபோது அக்கா எங்களோடு இருக்கவில்லை. நிறுவனத்தின் ஆட்களோடு முன்னமே தென்மராட்சிக்குப் போயிருந்தாள். அம்மாவும் நானும் மழையில், அந்தச் சனத்துக்குள் அகப்பட்டு, நாவற்குழிப் பாலத்தைக் கடக்கவே ஒரு இரவு போய்விட்டது. சாவகச்சேரியில் ஒரு பள்ளிக்கூட வகுப்பறையில் அம்மாவுக்கு இடம் பிடித்துக் கொடுத்துவிட்டு, சாப்பாடு எங்கே கொடுக்கிறார்கள் என்று தேடிப் போனேன். ஒரு மாமரத்துக்குக் கீழே மேசை போட்டிருந்தது. மேசையைச் சுற்றி ஆட்கள் நெருங்கிக்கொண்டு நின்றார்கள். அக்கா அங்கே இருந்துகொண்டு, வந்தவர்களைப் பதிந்துகொண்டிருந்தாள், இடக்கையால். அவளுடைய சேலைத் தலைப்பு தோளில் ஒதுங்கிக் கிடந்தது. வலக்கை மேசைமேல் எல்லோரும் காண, தாள் பறக்காமல் இருக்க அதன்மேல் கிடந்தது.

நான் முன்னுக்குப் போய் நின்றேன். அவள் நிமிர்ந்தாள். என்னைக் கண்டதும் அவளுடைய முகம் ஒரு கணம் என்னவோ ஆனது. பிறகு பழையபடி ஆனது.

"அம்மா எங்கை?"

"பள்ளிக்கூடத்திலை. சுகமா இருக்கிறா."

"சாப்பிட்டவவோ?"

"இல்லை."

அவள் எனக்குப் பின்னால் நின்றவர்களைப் பார்த்தாள். கைக்குழந்தையோடு ஒருத்தி, கண்ணாடி உடைந்த ஒரு கிழவர், இன்னும் எத்தனையோ பேர்.

"வரிசையிலை போய் நில்" என்றாள். "உன்ர முறை வரேக்கை பதியிறன்."

நான் போய்க் கடைசியில் நின்றேன்.